நொடிக்கு 12 கோடிப் புள்ளிகள்

கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக உற்றுப் பாருங்கள். வெள்ளை காணாமல் போய்விடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் பட்டைகள் வரிசைகட்டி நிற்கும். மூன்று நிறமும் சேர்ந்தால் ஒரு பிக்சல். ஃபுல் எச்.டி. திரை என்றால் குறுக்கே 1,920 பிக்சல், மேலிருந்து கீழே 1,080. பெருக்கினால் 20,73,600.

சினிமாவில் எந்தப் பிக்சலுக்கு எந்த நிறம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயம். கேமில் அப்படி முடியாது. நீங்கள் இடது பக்கம் திரும்புவீர்களா, எட்டிக் குதிப்பீர்களா என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு படத்தையும் அப்போதைக்கு அப்போதே கணக்குப் போட்டு வரைந்தாக வேண்டும். அப்படி வரையும் ஒரு படத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். நொடிக்கு 60 ஃப்ரேம் வந்தால் ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓடும். அதாவது நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் பிக்சல். ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கக் கிடைக்கிற நேரம் 17 மில்லி நொடிகூட இல்லை.

கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று வீட்டில் மனுப் போட்டிருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அப்பா, ஐ7 பிராசஸரே வாங்கிடலாம்ப்பா. அதுதான் பெருசு."

"எதுல பெருசு?"

"விலையில!"

பையன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஐ7-க்குப் போட்ட காசு திரையில் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு ஃப்ரேம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் பிராசஸர். பந்து எங்கே போய் விழும், கார் சுவரில் இடித்ததா, எதிராளி எந்தப் பக்கம் ஓடுவான் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. தீர்மானித்துவிட்டு, எதை எதை எங்கே வரைய வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். பட்டியலை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. கேமில் வரும் மரம், மலை, மனிதர் எல்லாம் பொடிப்பொடி முக்கோணங்களால் ஆனவை. ஏன் முக்கோணம்? எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில்தான் இருக்கும். நான்கு புள்ளிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஜியாமெட்ரி பாக்ஸை மூடிவைத்துவிட்டுக் கேம் ஆட வந்தால், அங்கேயும் ஜியாமெட்ரி!

இந்த முக்கோணங்கள் திரையில் எங்கே விழுகின்றன, எந்தப் பிக்சலை மூடுகின்றன, அந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று கார்டு கணக்கிடுகிறது. இதில் ஒரு வசதி உண்டு. ஒரு பிக்சலின் நிறத்தைக் கண்டுபிடிக்கப் பக்கத்துப் பிக்சல் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலையை ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். ரைசன் 5 5600 என்ற பிராசஸரில் இருப்பவை 6 கோர்கள். ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமாகப் பல விதமான வேலை செய்யும். ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டில் 1,792 கணக்கிடும் அலகுகள். ஒவ்வொன்றும் எளிய கணக்குதான் போடும். ஆனால் எல்லாம் சேர்ந்து போடும். ஆர்டிஎக்ஸ் 3060-ல் 3,584 என்று எழுதியிருப்பார்கள். அப்படியானால் அது இரட்டை வேகமா? இல்லை. ஏஎம்டி (ஆர்எக்ஸ்), என்விடியா (ஆர்டிஎக்ஸ்) என்ற இரண்டு கம்பெனிகளும் எண்ணுகிற முறையே வேறு. ஃபுல் எச்.டி. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம்தான். பெட்டியில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு காலத்தில் முக்கோணக் கணக்கில் பெரும்பகுதி பிராசஸரின் தலையில்தான் இருந்தது. 1999-ல் என்விடியா கொண்டுவந்த ஜீஃபோர்ஸ் 256 அந்தக் கணக்கையும் தன் சிப்பிலேயே போட்டது. கிராபிக்ஸ் சிப்புக்கு ஜி.பி.யு. என்ற பெயரை எல்லாரும் அறியச் செய்ததும் அந்தக் கார்டுதான்.

இப்போது ஐ7 கதைக்கு வருவோம். கல்யாணப் பந்தியில் சமையல் எவ்வளவு வேகமாக நடந்தாலும், பரிமாற ஒரே ஆள் என்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும், சாம்பார் கொதிக்காவிட்டால் அதே கதிதான். ஒரு கணக்கு போடுங்கள். பட்டியல் தயாரிக்கப் பிராசஸருக்கு 5 மில்லி நொடி, படம் வரையக் கார்டுக்கு 20 மில்லி நொடி. கார்டு ஒரு படத்தை வரையும்போதே பிராசஸர் அடுத்த பட்டியலைத் தயாரித்துவிடும். எனவே மெதுவானவர் வைத்ததுதான் சட்டம்: 1000-ஐ 20-ஆல் வகுத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம். இரண்டு மடங்கு வேகமான பிராசஸர் போட்டு 5-ஐ 2.5 ஆக்கினாலும் அதே 50. காசு போனது, ஃப்ரேம் வரவில்லை. அதே காசைக் கார்டில் போட்டு 20-ஐ 12 ஆக்கியிருந்தால் 83 ஃப்ரேம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, என்ன விளையாடப் போகிறேன், எந்தத் திரையில் என்பதுதான். ஃபோர்ஸா ஹொரைசன் 5 மாதிரி காட்சி கொட்டிக் கிடக்கும் ஆட்டங்களில் கார்டு திணறும். வேலொரன்ட் மாதிரி படம் எளிமையாகவும் ஃப்ரேம் நூற்றுக்கணக்கிலும் வேண்டிய ஆட்டங்களில் பிராசஸர் திணறும். திரையில் பிக்சல் கூடினால், கூடுகிற பளு பெரும்பாலும் கார்டின் மேல்தான். 4கே திரையில் 82,94,400 பிக்சல், ஃபுல் எச்.டி.க்கு நேர் நான்கு மடங்கு. பட்ஜெட் சின்னது என்றால் 4கே பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

என் கணக்கு இது: மானிட்டரை விட்டுவிட்டு, பெட்டிக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், முடிந்தால் ஐந்தில் இரண்டு பங்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். ஃபுல் எச்.டி.க்கு ரைசன் 5 5600-உடன் ஆர்எக்ஸ் 6600 பொருத்தமான ஜோடி. இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இன்டெலின் நான்கு கோர் ஐ3-12100எஃப்கூடத் தாங்கும். கடைசியில் உள்ள 'எஃப்' எழுத்தைக் கவனியுங்கள்: இந்தப் பிராசஸரால் தானாகப் படம் காட்ட முடியாது, கார்டு இல்லாவிட்டால் திரை கறுப்புதான். ஏஎம்டியின் 5600ஜி நேர்மாறு. படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. இப்போது அதை மட்டும் வாங்கி மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக் ஆடிவிட்டு, அடுத்த வருடம் கார்டு சேர்க்கலாம். ஒரே குறை, பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் 5600-ல் 32 எம்.பி., இதில் 16 எம்.பி.தான். பின்னால் கார்டு போடும்போது கொஞ்சம் பின்தங்கும்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், ஓடவிட்டுப் பார்த்து. எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் முறையை மாற்றியதும் அந்தக் கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. கடையிலேயே ஒரு கேமைப் பதினைந்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, திரையில் கோடு, புள்ளி தெறிக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ரேமில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 16 ஜி.பி. வேண்டுமென்றால் ஒரே 16 ஆக வாங்குவதா, இரண்டு 8 ஆக வாங்குவதா? டிடிஆர்4-3200 ரேம் குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தகவலைக் கொண்டுபோகும். இரண்டு குச்சிகளைச் சரியான இடத்தில் செருகினால் இரண்டு பாதையும் திறந்து 51.2 ஜி.பி. ஆகிவிடும். கார்டு இல்லாமல் 5600ஜி-யில் ஆடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் படம் வரைவதும் இதே ரேமை வைத்துத்தான். நான்கு ரேம் பள்ளங்கள் உள்ள மதர்போர்டு என்றால் அந்தச் சரியான இடம் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் நினைவக சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதுதான் காரணம். எங்கோ யாரோ சாட்பாட் நடத்துவதற்கு உங்கள் உண்டியல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

எஸ்.எஸ்.டி. போட்டால் ஃப்ரேம் அதிகமாகாது. ஆனால் கேம் திறக்கும் நேரம் சட்டென்று குறையும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை தட்டு சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய தகவல் அதைப் படிக்கும் முனைக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே இல்லை.

மதர்போர்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பிராசஸரின் சாக்கெட்டும் ரேமின் வகையும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். டிடிஆர்4 பள்ளத்தில் டிடிஆர்5 நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு.

எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.தான் கடைக்காரரும் அப்பாவும் கூட்டுச் சேர்ந்து காசு மிச்சம் பிடிக்கும் இடம். "லோக்கல் போதும் சார், கேபினெட்டோடவே வருது." போதாது! ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், பிராசஸருக்கு 65, மற்றதெல்லாம் சேர்த்து 250 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீர் ஏற்றங்களையும் தாங்க 500 அல்லது 550 வாட், '80 ப்ளஸ்' முத்திரை உள்ளது வாங்குங்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை உள்ளே கொடுக்கும் என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். மீதி வெப்பமாகப் போகும். 85 சதவீதம் கொடுப்பது என்றால் 250 வாட்டுக்குச் சுவரிலிருந்து 294 வாட் இழுக்கும். தோராயமாக 300. மூன்று மணி இருபது நிமிடம் ஆடினால் ஒரு யூனிட். இதை வீட்டில் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுவது நல்லது. யூ.பி.எஸ். வாங்கும்போதும் 600 வி.ஏ. என்ற பெரிய எழுத்துக்குக் கீழே வாட் என்ன என்று தேடுங்கள். சின்ன யூ.பி.எஸ்.கள் பலவற்றில் அது 360தான்.

இந்த 300 வாட்டும் கடைசியில் உங்கள் அறையில்தான் வெப்பமாக இறங்குகிறது. ஃபேன் சிப்பைக் குளிரவைப்பதில்லை, சூட்டை எடுத்துக் காற்றில் விடுகிறது. ஆகவே சிப் ஒருபோதும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்காது. சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி என்றால் கணக்கு அங்கேதான் தொடங்கும். அளவு மீறிச் சூடானால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். வண்ண விளக்குகளால் ஒரு ஃப்ரேம்கூட அதிகமாகாது.

சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் பாகத்தின் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

அசெம்பிள் செய்யும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பிராசஸரின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம். இரண்டையும் நேராக வைத்து விட்டால் தானாக உட்கார்ந்துவிடும். அமுக்கவே கூடாது. அதன்மேல் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வையுங்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகத்திலும் மேடு பள்ளம் உண்டு; பள்ளத்தில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். பேஸ்ட்டின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் புது ஹீட்சிங்கின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் பொருத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு விஷயம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், அதற்குக் கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மாற்றிச் செருகினால் கார்டுக்குக் கொடுத்த காசு அத்தனையும் சும்மா கிடக்கும். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 ஃப்ரேம் காட்டக்கூடிய மானிட்டர் வாங்கியிருந்தால், விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் 144 என்று நீங்களே மாற்றுங்கள். பல நேரம் அது 60-லேயே நின்றுகொண்டிருக்கும்.