பீரோ மேலிருந்து இறங்கட்டும் ஸ்பீக்கர்

காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரை உள்ள மீனவக் குப்பங்களில் பாட்டு கேட்காத வீடு அபூர்வம். ஸ்பீக்கர் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் ஒன்றே: பீரோவின் மேல், கூரையை ஒட்டிய மூலை. அங்கே குழந்தைகளின் கை எட்டாது, மழைக்குத் தண்ணீர் புகுந்தாலும் நனையாது, தரையில் பாய் விரிக்க இடம் மிஞ்சும். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் ஒலியியல் கணக்கில் அந்த அறையிலேயே மோசமான இடம் அதுதான்.

தவிலின் தொப்பி, பறையின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகள் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் மட்டும் போவதில்லை. நாலா பக்கமும் பரவும். அருகில் சுவர் இருந்தால் பின்னால் போன ஒலி திரும்பி வந்து முன்னால் போவதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சுவர் இப்படிக் கூட்டுவது அதிகபட்சம் 6 டெசிபல். பீரோ நிற்கும் மூலையில் இரண்டு சுவரும் கூரையும் சந்திக்கின்றன; கணக்குப்படி 18 டெசிபல் வரை ஏறலாம். பாடகரின் சொல்லைத் தெளிவாக்கும் மேல் அலைவெண்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. விளைவு, அறை முழுக்க ‘தொம் தொம்’ நிறைந்து சொல் அமுங்கிப்போகிறது. பீரோவின் தகரமும் கூடவே அதிர்கிறது. ‘மலிவு செட்டு, இவ்வளவுதான் வரும்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சின்னப் பெட்டியில் நல்ல ஒலி வராது என்பது பழைய நம்பிக்கை. 1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பீக்கரின் அதிரும் கூம்புக்கு ஸ்பிரிங்காக வைத்து, அலமாரியில் அடங்கும் பெட்டியிலும் ஆழமான ஒலி வரும் என்று காட்டினார். 1970களில் பிபிசி, வெளியிட ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஓர் அடிதான். வேனுக்குள் உட்கார்ந்த பொறியாளர் அதை நம்பித்தான் குரலின் தரத்தை முடிவுசெய்தார். இடுக்கமான இடத்துக்கென்றே பிறந்த வம்சம் இது. பத்தடி அறை அதற்குக் குறையே அல்ல.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓலைக் கூரை ஒலியை நன்றாகவே விழுங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுகத் தொகுப்பு வீடுகள் எழுந்தன. காங்கிரீட் கூரை பாதுகாப்பைத் தந்தது, எதிரொலியையும் கொண்டுவந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், பூசிய சுவர், சிமெண்ட் தரை, உள்ளே பொருள் ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பூசிய சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்கும். இந்தக் கணக்கில், எழுந்த ஒலி 60 டெசிபல் அடங்க ஏறத்தாழ 2.8 விநாடி பிடிக்கும். அதற்குள் பாடகர் நாலைந்து சொற்களைக் கடந்துவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

இந்தக் கணக்கைத் தந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. இரவுகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விழுங்கும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது அல்லவா? நம் அறையில் ஏழுக்கு மூன்றடிக் கதவையும் நாலுக்கு மூன்றடி ஜன்னலையும் திறந்தால் 2.8 விநாடி 1.1 ஆகச் சுருங்கிவிடும். காசே செலவில்லை. குப்பத்தில் கடல் இரைச்சல் உள்ளே வரும் என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, மேற்குப் பக்கம் திறப்பது நல்லது. கோரைப்பாய் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. சுவரோரம் சுருட்டி வைத்த பஞ்சு மெத்தையும் தலையணையும் அதைவிடப் பலமடங்கு உதவும்.

இனி உட்காரும் விதம். ஸ்பீக்கரோடு வரும் கையேடுகள் சோபாவில் அமர்ந்தவரை நினைத்து எழுதப்பட்டவை. நாம் தரையில் உட்காருகிறோம். காது தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. மேல் ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் நேர்க்கோட்டில்தான் முழுமையாகப் பேசும். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் மூன்றரை சென்டிமீட்டர். அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. ஆகவே ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி உறுதியான முக்காலியில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஐந்தடி, உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஐந்தடி. 1931இல் லண்டனில் ஆலன் பிளம்லைன் காப்புரிமை கோரிய ஸ்டீரியோ, இந்தச் சமபக்க முக்கோணத்தில்தான் குரலை நடுவில் நிறுத்தும்.

பின்சுவரிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து இரண்டடியில் இருந்தால், திரும்பி வரும் அலை 143 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலையை அடித்து ஒலியில் ஒரு பள்ளம் விழவைக்கும்; ஓரடியில் என்றால் 285 அருகே. பள்ளம் இல்லாத இடமே கிடையாது. அதனால் பக்கச்சுவர் தூரமும் பின்சுவர் தூரமும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளம் ஒரே இடத்தில் விழாது.

அகலமும் உயரமும் பத்தடியாக இருக்கும் அறைக்கு இன்னொரு வினை உண்டு. இரண்டுக்கும் இயல்பு அதிர்வு 57 ஹெர்ட்ஸிலேயே விழுவதால் அங்கே ஒலி இரட்டிப்பாகத் தேங்கும். தாழ்ந்த ஒலிகளைத் தரும் நாலு அங்குல வூஃபர் பெரும்பாலும் அதற்கு மேலேயே தளர்ந்துவிடும் என்பது இங்கே அதிர்ஷ்டம். எப்படியும் சுவரில் சாய்ந்து கேட்காதீர்கள். தேங்கிய அலையின் உச்சம் சுவரில்தான். ஒரு முழம் முன்னால் வந்தாலே பாட்டு மாறும்.

பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ஜோடியை இப்படி வைத்துக் கேட்டேன். நாதசுரத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வாசிப்பவர் மூச்செடுப்பது தெரிந்தது. தவிலில் விரல்கூடுகள் விழும் வலந்தலை தனியாக, கம்பு விழும் தொப்பி தனியாக நின்றன. திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே இரைச்சலாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய விஷயம். அடி ஆழத்து அதிர்வு வராது. சத்தத்தை ஏற்றினால் திணறும். நடுத்தர ஒலியில் குரல் கேட்பவருக்கு இது போதும்.

உப்புக்காற்றுக்கு மட்டும் தயவு கிடையாது. கூம்பைச் சுற்றிய வளையம் ஃபோமாக இருந்தால் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே உதிரும். ரப்பர் வளையம் கேட்டு வாங்குங்கள். காகிதக் கூம்பைவிடப் பாலிபுரோப்பிலீன் கூம்பு ஈரம் தாங்கும். ஒயர் சொருகும் முனைகளைக் கழற்றி, மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்; பச்சை பூத்த முனைதான் பல வீடுகளில் ஒரு பக்கத்து ஸ்பீக்கரை ஊமையாக்குகிறது.