திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ஆங்கிலச் சொற்கள்: அசைப்பிரிப்பும் அழுத்தமும்

முன்னுரை

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ‘மெர்ச்சன்டைசர்’, ‘இன்ஸ்பெக்ஷன்’, ‘சர்டிபிகேஷன்’ முதலிய நெடிய ஆங்கிலச் சொற்கள் அன்றாடம் வழங்குகின்றன. ஏற்றுமதி நிறுவனங்களில் பணியேற்கும் தமிழ்வழிப் பட்டதாரிகள் இச்சொற்களை அயல்நாட்டு வணிகரிடமும் பேச வேண்டியுள்ளது. வகுப்பறையில் ‘சிலபிள்’ என்பதை ‘அசை’ என்றே கற்பிக்கிறோம். இது எங்குப் பொருந்துகிறது, எங்குப் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அசைப்பிரிப்பு

தமிழ் யாப்பில் தனிக்குறிலும் தனிநெடிலும், ஒற்றடுத்து வரினும், நேரசையாம். குறிலிணையும் குறில்நெடிலும் அவ்வாறே நிரையசையாம். ஆகவே நிரையசையில் இரண்டு உயிரொலிகள் உள்ளன. ஆங்கில அசைக்கோ பெரும்பாலும் ஓர் உயிரொலியே மையம்.

‘மெர்ச்/சன்/டை/சர்’ என்பதில் நான்கும் நேரசைகள். ஆங்கிலத்திலும் அசைகள் நான்கே. ‘சர்/டிபி/கே/ஷன்’ என்பது யாப்பின்படி நேர், நிரை, நேர், நேர் என நான்கசை பெறும். ஆங்கிலத்தில் ‘சர்/டி/பி/கே/ஷன்’ என ஐந்தசை. ‘டெவ/லப்/மென்ட்’ மூன்றசை, ஆங்கிலத்தில் ‘டி/வெ/லப்/மென்ட்’ என நான்கு. இவ்விரு சொற்களிலும் நிரையசை வருமிடத்திலேயே கணக்கு வேறுபடுகிறது.

அழுத்தம்

தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்போர்ட்’ என்பதன் முதலசை அழுத்தம் பெறின் பெயர். இரண்டாமசை பெறின் வினை. ‘ஷன்’ என முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையே முதன்மை அழுத்தம் பெறும்: ‘இன்ஸ்பெக்ஷன்’ என்பதில் ‘பெக்’, ‘சர்டிபிகேஷன்’ என்பதில் ‘கே’. ‘டெவலப்மென்ட்’ என்பதில் அழுத்தம் பெறுவது ஆங்கிலத்தின் இரண்டாமசையாகிய ‘வெ’. யாப்புமுறையில் பிரிக்கும் மாணவர்க்கு அது ‘டெவ’ என்னும் நிரையசைக்குள் மறைந்துவிடுகிறது. அழுத்தம் பெறாத உயிர்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் நலிந்து ஒலிக்கும். தமிழ்ப் பேச்சில் அவை முழுமையாகவே ஒலிக்கும். எனவே கேட்பவர்க்கு அழுத்தம் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றக்கூடும்.

முடிவுரை

தொழிற்கூடத்தில் தமிழர் தமக்குள் இச்சொற்களைத் தமிழொலியில் வழங்குவது பிழையன்று. கடன்சொல் தமிழ்மரபுக்கு இயைவது இயல்பே. அயல்நாட்டவரிடம் பேசுகையில்தான் வேறு ஒழுங்கு தேவைப்படுகிறது. ஆகவே ஆசிரியர் முதலில் யாப்பசையையும் ஆங்கில அசையையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும். பின்னர் ஆங்கில ஒலிப்பைக் கேட்கச்செய்து உயிரொலிகளை எண்ணச்செய்ய வேண்டும். அதன்பின்னரே அழுத்தத்தைக் குறிக்கச்செய்ய வேண்டும். மாணவர் அறிந்த நேர், நிரை ஆகியவற்றிலிருந்தே தொடங்கினால் தமிழ் யாப்பறிவு ஆங்கில ஒலிப்புக் கல்விக்குத் தடையாகாது, துணையாகும்.