பழத் தாம்பாளமும் உப்புக்கண்டமும்

பண்டம் விளைவிப்போர் கையைவிட்டுச் சென்ற பிறகே அதற்கு விலை ஏறுகிறது என்பது நமது அங்கத்தினர்கள் நெடுநாளாக அறிந்த செய்தியாகும். நெல்லுக்கும் பழத்திற்கும் தறியில் நெய்த துணிக்கும் இது ஒருங்கே பொருந்தும். ஆயினும் அவ்விலை எந்த இடத்தில், எந்த வேலையினால் ஏறுகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு சிறு உணவுப் பண்டத்தைக் கொண்டு இதனை இங்கு ஆராய விரும்புகிறோம்.

ஐரோப்பிய முறை உணவகங்களில் ஒரு மரப்பலகை நிறையப் பழத்துண்டுகள், கீரையிலைகள், பருப்புகள் ஆகியவற்றைப் பரப்பி, அவற்றினிடையே உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை மெல்லிய சீவல்களாக வைத்து விருந்தினருக்கு அளிப்பது வழக்கம். இனிப்பும் உப்பும் கூடிய இந்தச் சாலட்டை அந்நியப் பண்டம் என்று நம்மவர் எண்ணி ஒதுங்குவதுண்டு. உண்மையில் அதன் சுவை நமக்குப் புதிதன்று. இத்தாலி நாட்டார் பன்றித் தொடையை உப்பிட்டு, ஓராண்டுக்கு மேல் காற்றில் உலரவைத்து, முலாம்பழத்தோடு சேர்த்து உண்கின்றனர். நாம் கொய்யாவையும் மாங்காயையும் அன்னாசியையும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி உண்கிறோம். நாவின் நியாயம் இரண்டிடத்திலும் ஒன்றே.

பதப்படுத்திய இறைச்சி வகைகளைப் பிரெஞ்சு மொழியில் ‘ஷார்க்குட்ரி’ என்பர். வெந்த இறைச்சி என்று பொருள்படும் சொற்களினின்றும் பிறந்த பெயர் அது. இத்தொழில் செய்தோர் 15ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தனித் தொழிற்குழுவாக அமைந்தனர். தொடக்கத்தில் அவர்கள் கசாப்புக் கடைக்காரரிடமே இறைச்சி வாங்க வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரடியாகக் கொள்முதல் செய்யும் உரிமை பெற்ற பின்னரே அவர்கள் தொழில் நிலைபெற்றது. இடையில் நிற்போரைக் கடந்து மூலப்பொருளை அடைவதன் பயனைக் கூட்டுறவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுவையில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்ட பெரிய மார்க்கெட், 1963இல் முதல் முதலமைச்சராகப் பதவியேற்ற எதுவார் குபேர் பெயரால் குபேர் அங்காடி எனவும் வழங்குகிறது. பழம், காய்கறி, பூ, மளிகை, மீன் யாவும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடம் அது. மீன் பகுதியில் அமர்ந்து விற்போர் பெரும்பாலும் மகளிரே. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் இந்நகருக்கு அண்மையிலேயே விளைபவை. மேற்சொன்ன பலகைக்கு வேண்டிய பொருள்களில் இங்கே கிடைக்காதது உப்பிட்ட பன்றித் தொடை ஒன்றே எனலாம். அதன் இடத்தை நிரப்ப நம்மிடம் உப்புக்கண்டம் இருக்கிறது.

உப்புக்கண்டம் போடும் முறை வருமாறு: எலும்பில்லாத ஆட்டிறைச்சி ஒரு கிலோ எடுத்துக் கொழுப்பை முற்றும் நீக்குக, கொழுப்பு தங்கினால் சிக்கு வாடை உண்டாகும். விரற்கனத் துண்டங்களாக நீளவாக்கில் அரிந்து, கல்லுப்பு 75 முதல் 100 கிராம் வரை எடுத்து, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு சேர்த்து அரைத்துப் பூசுக. ஓர் இரவு ஊறியபின் நூலில் கோத்து, ஈ அணுகாதபடி வலைத்துணி மூடிக் கடும் வெயிலில் தொங்கவிடுக. மாலையில் வீட்டினுள் எடுத்துவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாட்களில், வளைத்தால் ஒடியும் அளவுக்கு உலரும். இறைச்சியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே; அந்நீரை உப்பும் வெயிலும் வெளியேற்றுவதால் கிருமிகள் பெருக இடமில்லாது போகிறது. ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களே இதற்கு ஏற்றவை. ஐப்பசி அடைமழையில் இதனைத் தொடங்கலாகாது.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இத்தாலிய முறையில் பதமான இறைச்சியை வேகவைக்காமலே உண்பர். நமது உப்புக்கண்டத்தை அவ்வாறு உண்ணலாகாது. வெந்நீரில் ஊறவைத்து, உப்பு நீரை வடித்து, குக்கரில் நன்கு வேகவைத்து, நார்நாராகத் தட்டி நல்லெண்ணெயில் முறுகலாகப் பொரித்தே பரிமாற வேண்டும்.

ஆறு பேருக்கு 100 கிராம் உப்புக்கண்டம் போதும். அகன்ற தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, பழுத்த மாம்பழம், கிளிமூக்கு மாங்காய், அன்னாசி, கொய்யா, பப்பாளி, வெள்ளரிப்பிஞ்சு ஆகியவற்றில் அப்பருவத்தில் மலிந்த நான்கினைத் துண்டுகளாக்கி வரிசையாக அடுக்குக. எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், சிறிது வெல்லப்பாகு மூன்றையும் கலந்து பழத்தின்மேல் தெளிக்கவும். உப்பு வேண்டா, இறைச்சியிலேயே அது மிகுதி. வறுத்த வேர்க்கடலையையும் முந்திரியையும் தூவி, பொரித்த உப்புக்கண்டத்தைக் கடைசியில் பழத்தினிடையே வைக்கவும். முன்னரே வைத்தால் சாறு பட்டு முறுகல் கெடும். புலால் உண்ணாத இல்லங்களில் மோர்மிளகாயும் பொரித்த வடகமும் அவ்விடத்தை நிரப்பும்.

இத்தட்டில் பழமே மிகுதியாகவும் இறைச்சி தொட்டுக்கொள்ளும் அளவாகவும் இருத்தல் நன்று. பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்துள்ளது. இரத்த அழுத்தமுடையோர் உப்பின் அளவையும் கருதுதல் வேண்டும். எனவே இது விருந்து நாளுக்குரிய பண்டமேயன்றி அன்றாட உணவன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ இறைச்சி உலர்ந்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறுகும். ஆதலின் இறைச்சி வாங்கிய விலையை மூன்றால் பெருக்கினால்தான் ஒரு கிலோ உப்புக்கண்டத்தின் மூலப்பொருள் அடக்கம் தெரியும். அதன்மேல் உப்பு, மசாலை, ஒரு வார உழைப்பு, சேதாரம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். வீட்டில் செய்து விற்கும் மகளிர் பலர் இறைச்சியின் விலையை மட்டும் மனத்திற்கொண்டு, தம் உழைப்பைக் கணக்கில் எழுதாமலே வியாபாரியிடம் கொடுத்துவிடுகின்றனர். அவர் எழுதாத அந்த வரிதான் வேறொருவருடைய இலாபமாகிறது.

நமது வடகத்தின் வரலாறு இதற்குச் சான்று. வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் சேர்த்து உருண்டை பிடித்துக் கோடையில் உலர்த்தும் அத்தாளிப்புப் பொருள், புதுவைத் தொடர்பினால் பிரெஞ்சுச் சமையலறைக்குள் ‘வடுவான்’ என்ற பெயரோடு நுழைந்தது. இன்று அது வெளிநாட்டுக் கடைகளில் சிறு புட்டிகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. முறையைக் கண்டறிந்தவர் நம் பெண்டிர். புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டியவர் பிறர்.

பாலைப் பாலாகவே விற்காமல் தயிராகவும் நெய்யாகவும் ஆக்கி விற்கும் வழியைப் புதுவையில் ‘பாண்லே’ என்னும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் காட்டியிருக்கிறது. பழத்திற்கும் உலர்பண்டத்திற்கும் அதே வழி பொருந்தும். சங்கம் ஒரு பொதுக் கூடத்தில் வலையிட்ட உலர்த்துமிடமும், தராசும், கணக்கேடும் அமைத்து, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்று, செய்த நாளும் சேர்பொருளும் பொதியின்மேல் அச்சிட்டு விற்குமாயின் வாங்குவோர்க்கு நம்பிக்கையும் செய்வோர்க்கு நேர்மையான கூலியும் கிட்டும். இறைச்சியில் கைவைக்க அஞ்சுவோர் மோர்மிளகாய், வடகம், மாங்காய் வற்றல் இவற்றோடு தொடங்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். அதற்கு முன்பாக ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை செய்து, செலவையும் உழைத்த மணிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருதல் நலம். சுவையைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் வேறுபடலாம். கணக்கைப் பற்றி வேறுபாடு எழாது.