போத்தலைத் திறக்கும் முன்

பெரகலப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணமாகி ஆறு மாதம் போனாலே ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பதோடு நிற்பதில்லை, கொழும்பில் வேலை செய்யும் மச்சான் அனுப்பியதென்று ஒரு சத்து மாத்திரைப் போத்தலும் வந்து சேரும். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசலாம்.

உண்மையில் தேவைப்படுவது ஃபோலிக் அசிட் என்ற மலிவான மாத்திரைதான். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் சரியாக மூட அது உதவும். அந்தக் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும்போதே அதில் பாதி நாள் கழிந்திருக்கும். அதனால்தான் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும், முன்பு நரம்புக் குழாய் சரியாக மூடாத குறையோடு பிள்ளை பிறந்தவர்களுக்கும் டாக்டர் கூட்டித் தருவார். மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேளுங்கள், காசு கேட்கமாட்டார்.

இரும்புச் சத்து மாத்திரையும் தந்தால் அந்த நேரம் பிளேன்டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நம் தேயிலையையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது!

ஆண்களுக்கென்று விற்கும் ஸிங்க், ஃபோலிக் கலவையை அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பரிசோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஆறு மாதம் அதை விழுங்கிய கணவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் பிள்ளை பிறப்பதில் வித்தியாசமில்லை. கலவையை எடுத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறுதான் மிச்சம். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் மோசம். ஹோர்மோன் வெளியிலிருந்து வந்தால், விரைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுபோகும். விந்தணு ஒன்றுகூட இல்லாமலே போகலாம். ஊசியை நிறுத்தினாலும் தேறிவர மாதக்கணக்காகும்.

பெண்கள் மீன் ஈரல் எண்ணெய், பல சத்துக் கலவை என்று சேர்த்து எடுக்கும்போது விட்டமின் ஏ கூடிவிடாமல் பார்க்க வேண்டும். ரெட்டினோல் வடிவில் நாளுக்கு 10,000 சர்வதேச அலகை (IU) தாண்டினால் கருவுக்கு ஆபத்து.

‘நாட்டு மருந்துதானே, என்ன செய்யும்?’ என்பவர்களுக்கு நியூயோர்க் கதை ஒன்று உண்டு. 2011, 2012இல் அங்கே ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் கிளினிக் போங்கள். போத்தலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இங்கே மருமகளை மட்டும்தான் அழைத்துப் போகிறார்கள். விந்துப் பரிசோதனையோ எல்லாவற்றிலும் சுலபமானது.