கல்லணைக் கால்வாயின் கடைமடை: அறந்தாங்கி வட்டாரத்தின் ஆறும் ஏரிகளும்

அறந்தாங்கி வட்டாரம் பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில் இருந்த பகுதியாகும். 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. பெயரளவில் மாவட்டம் மாறினாலும் தண்ணீருக்கு இவ்வட்டாரம் இன்றும் தஞ்சையின் வாய்க்காலையே எதிர்பார்த்து நிற்கிறது. மண்ணோ புதுக்கோட்டைச் சீமையின் மண். இவ்வூர் விவசாயிகளின் நன்மையும் தொல்லையும் இந்த இரட்டை நிலையிலிருந்தே தொடங்குகின்றன எனலாம்.

இவ்வட்டாரத்தின் ஆறு தெற்கு வெள்ளாறு. கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேரும் வெள்ளாறு வேறு, இது வேறு. மருங்காபுரிப் பக்கத்து மலைகளில் தோன்றி, புதுக்கோட்டையின் தெற்கே ஓடி, அறந்தாங்கி வழியாக வந்து மணமேல்குடி அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. பண்டைக் காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இதையே எல்லையாகச் சொன்னார்கள். ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. பின்னாளில் அறந்தாங்கித் தொண்டைமான்கள் இங்கிருந்து ஆண்டனர். அவர்கள் காலத்துக் கோட்டையின் சிதைந்த சுவர்களை இன்றும் காணலாம். மாணிக்கவாசகர் திருப்பணி செய்த திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், இதே வட்டாரத்தைச் சேர்ந்தது.

வெள்ளாறு வற்றாத ஆறு அல்ல. மழை பெய்தால் சில நாள் பெருகும். பிறகு மணலாகக் கிடக்கும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லி மீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவேதான் முன்னோர்கள் ஆற்றை நம்பாமல் ஏரிகளை நம்பினார்கள். நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே கரை போட்டு, ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரியின் வரத்து வாரியில் சேரும்படி சங்கிலிபோல் அமைத்தார்கள். மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரிகளுக்கும் ஆபத்து. மேல் ஏரியின் வாரி தூர்ந்தால் கீழே உள்ள ஊர் முழுவதும் பட்டினி. ஓர் ஊரார் மட்டும் தங்கள் ஏரியைச் செப்பனிட்டால் போதாது என்பது இதனால் விளங்கும்.

மண்ணும் ஒரே சீராக இல்லை. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் செம்புறை மண். அங்கே ஆழ்துளைக் கிணற்றை நம்பித் தென்னை, பலா, பூ, நிலக்கடலை. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் இந்தத் தோப்புகள் பட்ட சேதம் பெரிது. பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் சாய்ந்தது. தெற்கே நாகுடி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கம் களிப்பாங்கான நெல் வயல்கள். கடலை நெருங்க நெருங்க உவர் கூடும். நிலத்தடி நீரும் உப்பாகும். அங்கே ஏரியும் கால்வாயும் இல்லாவிட்டால் நெல் இல்லை. கரையோரக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களில் மீன்பிடித் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று சம்பாதிக்கச் சென்றவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். வானம் பொய்த்த ஆண்டில் அந்தப் பணமே நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி கால்வாயைப் பார்ப்போம். 1934ல் மேட்டூர் அணை முடிந்தபோது, அத்திட்டத்தின் பகுதியாகக் கல்லணையிலிருந்து புதிய கால்வாய் வெட்டப்பட்டது. தஞ்சைப் பக்கத்தில் இதைப் 'புது ஆறு' என்பார்கள். ஏறத்தாழ 148 கிலோ மீட்டர் ஓடி மும்பாலை ஏரியில் முடிகிறது. மேற்பனைக்காட்டின் அருகே புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழையும் இக்கால்வாய், 168 ஏரிகளின் வாயிலாகவும் நேரடியாகவும் சுமார் 27 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதாகக் கணக்கு.

கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 24 ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். விநாடிக்கு 300 கன அடி வந்தால் 7,200 ஏக்கரில் ஓர் அங்குலம். 27 ஆயிரம் ஏக்கருக்கும் இரண்டு அங்குலம் கட்ட வேண்டுமானால், வழியில் சொட்டுக்கூட வீணாகாமல், இரவும் பகலும் ஏழரை நாள் ஆகும். வரத்து பாதியானால் பதினைந்து நாள். கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் பருவத்தில் நெல் பதினைந்து நாள் காத்திருக்காது. முறை வைத்துத் திறக்கும்போது தலைமடையில் நாலு நாள் கூடுதலாக மதகு திறந்திருந்தால், கடைமடையில் ஒரு முறைத் தண்ணீரே போய்விடும். கால்வாயில் வருவதை ஏரியில் பிடித்து வைக்க இடம் இருந்தால்தான் இந்த இடைவெளியைத் தாண்டலாம். தூர்ந்த ஏரியில் அதற்கு இடம் ஏது?

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12ல் திறக்கப்பட வேண்டும். 2024ல் ஜூலை 28ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. 2023ல் உரிய நாளில் திறந்தும் அக்டோபர் 10ல் மூடும்படி ஆயிற்று. இத்தகைய ஆண்டுகளில் முதலில் அடிபடுவது கடைமடை. கால்வாயைச் சீரமைக்க 2,639 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் தளம் போட்டால் நிலத்தில் நீர் ஊறாது, கிணறுகள் வற்றும் என்று வழியிலுள்ள விவசாயிகள் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஊறிப் போகும் நீர் கடைமடைக்கு வந்து சேராத நீர் என்பதும் உண்மை. கரைகளைப் பலப்படுத்தி, தரையில் ஊறுவதற்கு இடம் விடுவது நடுவழியாக இருக்கும்.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஒன்றியங்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. சட்டம் நிலத்தைக் காக்கும், தண்ணீரைக் கொண்டுவராது. பக்கத்துப் பேராவூரணியில் கஜா புயலுக்குப் பின், 2019ல், இளைஞர்களும் விவசாயிகளும் கூடிப் பெரியகுளத்தைத் தங்கள் முயற்சியால் தூர்வாரியது இங்கே நினைக்கத் தக்கது. கரையைப் பார்ப்பதற்கு முன் வரத்து வாரியைப் பார்க்க வேண்டும். வாரியில் கருவேல் மண்டிக் கிடக்க, ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது வாயைக் கட்டிவிட்டு வயிற்றைப் பெரிதாக்குவது போன்றது.

நாற்று விட்டுத் தண்ணீருக்குக் காத்திருப்பதைவிட, ஆகஸ்டு, செப்டம்பரில் கிடைக்கும் மழையில் புழுதி உழுது நேரடியாக விதைப்பது இவ்வட்டாரத்துக்கு ஏற்றது. ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். 30 லிட்டர் நீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையை 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் பயிர் தொடக்க வறட்சியைத் தாங்கும். நேரடி விதைப்பில் களைதான் எதிரி. முதல் மாதத்தில் கட்டுப்படுத்தாவிட்டால் பின்னர் எடுக்கும் களை கூலிக்குக்கூடக் கட்டாது. ஏரிப் பாசனம் உறுதியில்லாத மேட்டு வயல்களுக்கு, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009ல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 போன்ற நூறு நாள் அளவிலான, வறட்சி தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நீண்ட கால ரகங்களை ஏரிக்கு அருகிலுள்ள பள்ள வயல்களில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 12 கிலோ உளுந்தை நிற்கும் நெல்லுக்கிடையே சீராகத் தெளிக்கலாம். நெல் தரிசுக்கு ஆடுதுறை 3 உளுந்து ஏற்றது. தண்ணீர் கட்ட வேண்டியதில்லை. எஞ்சிய ஈரமும் பனியும் போதும். பூக்கும் தறுவாயில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறு முறையும் 2 சத டி.ஏ.பி. கரைசலை மாலை நேரத்தில் இலைவழித் தெளிக்க வேண்டும். டி.ஏ.பி.யை முதல் நாளே ஊற வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டால் தெளிப்பான் அடைக்காது.