சிறுமையில் ஒளிரும் பொன்

பொன்னின் மதிப்பை எடையாலும் மாற்றாலும் அளப்பது நம் வழக்கம். எடையே இல்லையெனத்தக்க அளவுக்கு அதனைச் சிறிதாக்கினால், புதியதொரு பண்பு தோன்றுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை ஏற்று, அது செவ்வொளி உமிழ்கின்றது. அவ்வொளியின் துணையால் உயிரணுக்களின் உள்ளே நோக்கும் முயற்சியை இங்குக் காண்போம்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். நீரில் பரவிய நுண்ணிய பொன்துகள்கள் மாணிக்கச் சிவப்பைத் தருவதை மைக்கேல் பாரடே 1857ஆம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கினார். அது நிறமேயன்றி ஒளிர்வு அன்று. துகள் இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்து, சில பத்து அணுக்களின் திரளாகும்போது, எலக்ட்ரான்கள் உலோகத்தினுள் திரிவதுபோல் தடையின்றித் திரிய இயலாது. ஏணிப்படிகள் போன்ற தனித்தனி ஆற்றல் நிலைகளிலேயே நிற்கும். மேற்படி ஏறிய எலக்ட்ரான் கீழிறங்குகையில் ஒளி பிறக்கின்றது.

இத்திரளை ஆக்குவதில் இடர் ஒன்றுண்டு. பொன்னணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். இதற்கு எளிய வழியொன்றைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஜியான்பிங் சியே, யுவாங்காங் செங், ஜாக்கி யிங் ஆகியோர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாட்டுக் குருதியிலிருந்து பெறும் அல்புமின் என்னும் புரதத்தின் கரைசலையும் பொன் உப்பின் கரைசலையும் சம அளவில் கலந்தனர். இரண்டு நிமிடம் கழித்துச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினர். பின் 37 பாகை செல்சியசில், அதாவது நம் உடலின் வெப்பத்தில், 12 மணி நேரம் வைத்தனர். இளமஞ்சள் கரைசல் பழுப்பாயிற்று. புற ஊதா விளக்கின்கீழ்ச் செந்நிறமாய் ஒளிர்ந்தது. திரளொன்றில் ஏறத்தாழ 25 பொன்னணுக்கள் இருந்தன. பொன் அயனிகளைப் பற்றுவதும், அணுக்களாக ஒடுக்குவதும், திரள் பெருக்காமல் அரணாய்க் காப்பதும் அப்புரதமே.

இதன் பயன் யாது? காட்மியம் கலந்த ஒளிர்துகள்கள் மிகுந்த ஒளி தருவன. ஆயினும் காட்மியம் நஞ்சு. பொன்னோ உடலோடு எளிதில் வினைபுரிவதன்று. மேலும், செவ்வொளி தசையை ஊடுருவும் அளவு நீல ஒளி ஊடுருவாது. சில புற்றணுக்களின் மேற்பரப்பில் போலிக் அமிலத்தை ஈர்க்கும் ஏற்பிகள் மிகுந்திருக்கும். எனவே, பொன்திரளைச் சூழ்ந்த புரதத்தோடு போலிக் அமிலத்தை இணைத்து விடுத்தால், திரள் அவ்வணுக்களை நாடிச் சேர்ந்து அவற்றை ஒளியால் காட்டும். கொச்சி ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் வாய்ப்புற்றணுக்களில் இதனை மெய்ப்பித்தனர்.

எனினும் குறைகளும் உள. இத்திரள் ஏற்கும் நூறு ஒளித்துகளுக்கு ஏறத்தாழ ஆறே திரும்பி வருகின்றன. அரணாய் நிற்கும் புரதம் உருவில் பெரிது. ஆதலின் சிறுநீரகத்தின் வழியே எளிதில் வெளியேறாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குகின்றது. குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு போர்த்திய திரளோ சிறுநீரில் எளிதில் நீங்குகின்றது.

நோயைக் காட்ட உடலினுள் செல்லும் பொருள், காட்டியபின் தீங்கின்றி வெளியேறவும் வேண்டும். ஆகவே இப்பொன்னுக்கு ஒளி ஒன்று மட்டுமே மாற்று ஆகாது. வந்த வழி தெரியாமல் அகல்வதும் அதன் மாற்றே என நாம் உணர வேண்டும்.