பாஞ்சாலங்குறிச்சி யாத்திரை

சிவகாசி வாசிகள் வெடிமருந்தின் வேகத்தை நன்கறிவர். அதனெதிரே மார்பு காட்டி நின்றோரின் சரித்திரத்தையும் அவர்கள் அறிதல் வேண்டும். அதன் பொருட்டு நண்பர் ஒருவரும் யானும் மோட்டாரில் புறப்பட்டு, சாத்தூர், கோவில்பட்டி மார்க்கமாகப் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தோம்.

இன்று அங்கு நிற்பது பழைய கோட்டையன்று. 1974-ம் வருஷத்தில் தமிழக சர்க்கார் எழுப்பிய ஞாபகச் சின்னமாகும். அதன் சுவர்ச் சித்திரங்கள் வீரபாண்டிய கட்டபொம்மனின் சரிதத்தைக் கூறுகின்றன. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான். அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கோட்டையும் தகர்க்கப்பட்டது.

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை! 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை, ஜனங்களின் துணைகொண்டு சில தினங்களில் மண்கோட்டையை மீண்டும் எழுப்பினான். மே 24-ந் தேதியன்றே கும்பினிப் படை அதனைக் கைப்பற்ற முடிந்தது.

அருகே அன்னியப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. "மாண்ட நம்மவருள் எத்தனை பேருக்குக் கல் உண்டு?" என்று வினவினார் நண்பர். நியாயமான கேள்வி. பாளையக்காரரை அறிந்தோம், அவர் கோட்டைக்கு மண் சுமந்த கைகளை மறந்தோம். முதியோர் வாய்மொழியில் எஞ்சியுள்ள பெயர்களையேனும் ஊர்தோறும் இளைஞர்கள் எழுதிவைப்பார்களாக!